ஐந்தாவது தடவை வந்த கடல் தண்ணீர்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, வயல், மிளகுக் கொடி, இல்லாவிட்டால் வெங்காய மூட்டை. நான் என் வாழ்க்கையில் கடலுக்குப் போனதே நான்கோ ஐந்தோ தடவைதான். அதிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான், கிழக்குக் கரையில் ஒரு கடல் குளிக்கத் தகுந்ததா இல்லையா என்று கையெழுத்துப் போடும் வேலை வந்து சேர்ந்தது. "ஒன் கடலுக்கு இன்னைக்கி ஒடம்பு எப்படி இருக்கு?" என்று வீட்டில் கணவர் கேட்டுச் சிரிப்பார். சில நாள் எனக்கும் சிரிப்பு வரும். பல நாள் எரிச்சல்தான் வரும்.

தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது எங்கள் லெப். தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் ஆய்வுகூடம். நான் தினமும் மாத்தளையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். ஹோட்டல் கிணறு, பாடசாலைத் தண்ணீர்த் தாங்கி, போத்தல் தண்ணீர்க் கம்பனி என்று வருகிற தண்ணீரையெல்லாம் வடிதாளில் வடித்து, அந்தத் தாளைத் தட்டில் வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் வைப்பேன். கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தாளில் புள்ளி புள்ளியாக முளைக்கும். அதை எண்ணி எழுதினால் வேலை முடிந்தது. ஜன்னலைத் திறந்தால் அழுகின முட்டைக்கோவா நாற்றம் வரும் என்பதால் ஜன்னலைத் திறப்பதில்லை. இருபது வருடமாக இதுதான் என் உலகம்.

அந்தக் கடற்கரைக்காரர் முதலில் போனில்தான் வந்தார். முன்பு மீன்பிடித்தவர். இப்போது பிரதேச சபை சார்பில் அந்தக் கடற்கரையைப் பார்த்துக்கொள்பவர். அவரும் அவருடைய மனைவியும் ஊர்ப் பெண்கள் சிலரும் சேர்ந்து, குப்பை கூளமாகக் கிடந்த இடத்தை இரண்டு வருடம் கூட்டிப் பெருக்கி, கழிப்பறை கட்டி, உடுப்பு மாற்றுகிற அறை கட்டி, குளிக்கிற எல்லையைக் கயிறு போட்டுக் காட்டி, உயிர்காக்கும் ஆள் ஒருவரையும் நிற்க வைத்திருந்தார்கள். இனி அதற்கு, சுத்தமான பாதுகாப்பான கடற்கரை என்று சர்வதேசச் சான்றிதழ் ஒன்று வாங்க வேண்டும். சான்றிதழோடு கரையில் ஏற்றுகிற கொடியின் பெருமைக்காக அல்ல. கரையோரத்தில் சபைக்குச் சொந்தமான சவுக்கு மரக் காணி ஒன்று இருக்கிறது. ஜனங்கள் கடலுக்குப் போகும் பாதை அதன் வழியாகத்தான். அந்தக் காணியை ஒரு பெரிய ஹோட்டல் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பருவத்தில் சான்றிதழ் கிடைத்தால் காணி ஊருக்கே. கிடைக்காவிட்டால் ஹோட்டலுக்கு என்று சபை தீர்மானம் போட்டுவிட்டது.

"கடலை ஆரும் எடுக்க ஏலாது மிஸ். ஆனா போற வழிய எடுத்தா கடலை எடுத்த மாதிரித்தானே" என்றார். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சான்றிதழுக்கான விதிகள் ஒரு கட்டுப் புத்தகம். குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, நாய் வருகிறதா, அறிவித்தல் பலகை எத்தனை மொழியில் இருக்கிறது, முதலுதவிப் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்காத கேள்வி இல்லை. அவற்றையெல்லாம் அவர்களே செய்து முடித்திருந்தார்கள். தண்ணீர் மட்டும்தான் என் பங்கு. பருவம் முடிவதற்குள் ஐந்து தடவை கடல் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. எடுத்த தண்ணீர் அன்றைக்கே, குளிர் குறையாமல், முத்திரை உடையாமல் லெப்புக்கு வந்து சேர வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் அந்த வருட விண்ணப்பம் செல்லாது. சுயாதீனமான லெப் என்று அவர்களுக்கு எட்டக்கூடிய தூரத்தில் அகப்பட்டது நாங்கள்தான்.

கடலில் எப்படித் தண்ணீர் எடுப்பது என்று நான் போனில் சொல்லிக் கொடுத்தேன். "இடுப்பளவு தண்ணிக்குப் போங்கண்ணே. போத்தல் வாயக் கீழ பாத்த மாதிரிப் புடிச்சு முக்குங்க. அப்புறம் அலை வர்ற பக்கம் திருப்புங்க. மூடிக்குள்ள கை படக்கூடாது" என்று இங்கே வெங்காய லொறிகளின் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில் நின்று கத்தினேன். அவர் பிறந்ததிலிருந்து கடலுக்குள் நின்ற மனிதர். "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். போனை வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அடுத்த தலைவலி. சீல் வைத்த பெட்டியை பஸ்காரர்கள் ஏற்றமாட்டேன் என்றார்கள். தனியாக வேன் பிடிக்க அவர்களுக்கு வசதியில்லை. அப்போதுதான் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கும் லொறிக்கார நானாவின் ஞாபகம் வந்தது. மாத்தளையில் பரம்பரையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம்; அவர்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா. வாரா வாரம் திங்கட்கிழமை தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக் கிழக்குக்குப் போவார். செவ்வாய்க்கிழமை மீன் ஏற்றித் திரும்புவார். கேட்ட உடனே, "அதுக்கென்ன தங்கச்சி, ஒரு பெட்டிதானே. ஏன்ட சீட்டுக்குப் பக்கத்துல வெச்சுக் கொண்டாறேன்" என்றார். ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிக்க அழைத்தால்கூட வரமாட்டார்; மீனுக்குப் போட்ட ஐஸ் கரைந்துவிடும் என்று ஓடுவார்.

நான்கு தடவை அப்படித்தான் வந்தது. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் இரண்டு போத்தல், சுற்றிவர ஐஸ் கட்டி, மூடியின் விளிம்பில் கடற்கரைக்காரர் கையெழுத்துப் போட்டு ஒட்டின காகிதம். நான்கு தடவையும் தாளில் புள்ளிகள் இருந்தும் இல்லாத மாதிரித்தான். குளிக்கும் தண்ணீருக்கு இருக்க வேண்டிய வரம்பில் பாதிகூட வரவில்லை. நான்காவது முடிவைச் சொன்னபோது போனுக்குள்ளே பெண்கள் கைதட்டும் சத்தம் கேட்டது. எனக்கும் உள்ளுக்குள்ளே ஒரு பெருமை. அந்தக் கடலைப் பார்க்காமலேயே அது என் கடல் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

ஐந்தாவதைப் பருவம் முடிவதற்கு ஒரு வாரம் முந்தின செவ்வாயே அனுப்புகிறேன் என்று அவர் சொன்னார். வேண்டாம், அடுத்த செவ்வாய் அனுப்புங்கள் என்று சொன்னது நான். மகள் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தாள். அவளுக்காக வஹகோட்டை கத்தோலிக்கத் தேவாலயத்தில் பதின்மூன்று செவ்வாய் நேர்த்தி வைத்திருந்தேன். நாங்கள் சைவம்தான், ஆனால் வஹகோட்டைக்குப் போகாத ஆள் மாத்தளையில் யார் இருக்கிறார்கள். மற்றச் செவ்வாய்களில் காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்து வேலைக்கு ஓடி வந்துவிடுவேன். கடற்கரைக்காரர் சொன்ன செவ்வாய்தான் பதின்மூன்றாவது; அன்று மட்டும் லீவு போட்டு நாள் முழுக்க அங்கேயே இருக்க ஆசைப்பட்டேன். எனக்குப் பதிலாக இன்னொருவர் தட்டு வைக்கலாம்தான். ஆனால் என் கடலை வேறு ஆள் தொடுவதா என்ற கொழுப்பு.

அடுத்த செவ்வாய்தான் பருவத்தின் கடைசி நாள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. நான்கு தடவை ஒழுங்காக வந்தது ஐந்தாவது தடவை வராமலா போகும் என்று நினைத்தேன்.

அந்தச் செவ்வாய் பதினொரு மணிக்கு வரவேண்டிய லொறி வரவில்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. நானாவுக்குப் போன் எடுத்தால் பதில் இல்லை. ஒரு மணிக்கு அவரே எடுத்தார். கந்தளாயைத் தாண்டியதும் டயர் வெடித்துவிட்டது, மாற்று டயரும் சரியில்லை, ஆள் வரும்வரைக்கும் வெயிலில் நிற்கிறேன் என்றார். "நானா, பெட்டி சூடாகக் கூடாது. எப்படியாவது ஜில்லுன்னு வெச்சுக்கங்க. சூடாச்சுன்னா எல்லாம் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "நீங்க பயப்படாதீங்க தங்கச்சி, இன்ஷா அல்லாஹ் குளிரா கொண்டாந்து தாறேன்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் மத்தியானச் சோற்றையும் சாப்பிட்டேன்.

நான்கு மணிக்கு லொறி வந்து நின்றது. நானா வேர்த்து ஒழுகிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தொட்டுப் பாருங்க தங்கச்சி, ஐஸாட்டம் ஈக்குது."

தொட்டுப் பார்த்தேன். குளிராகத்தான் இருந்தது. முத்திரைக் காகிதமும் இருந்தது. ஆனால் அதன் ஓரம் சுருங்கி, நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை நசுங்கியிருந்தது. மூடியைத் திறந்தேன். போத்தல் இரண்டும் புது ஐஸ் தூளுக்குள் இருந்தன. ஐஸ் இளஞ்சிவப்பாக இருந்தது. ஒரு போத்தலின் கழுத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டிய தொறந்தீங்களா நானா?"

"உள்ளுக்கு ஐஸ் எல்லாம் உருகிட்டு தங்கச்சி. வெயிலுக்கு என்னத்த செய்ற? பின்னால பாரை மீன் பெட்டில நல்ல ஐஸ் ஈந்திச்சு. போத்தல் ரெண்டையும் அதுக்குள்ள புதைச்சு வெச்சேன். வாற வழில திரும்ப இதுக்குள்ளயே போட்டுட்டேன். ஒட்டின காயிதத்தைக் கிழிக்காமப் பக்குவமா எடுத்து, சோத்தால ஒட்டியும் ஈக்கிறேன்" என்றார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

நான் கத்தினேன். நான்கு மாதம் ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்காமல் பெட்டி சுமந்த மனிதரைப் பார்த்து, கீழ்த் தெரு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "மீனுக்குள்ளயா வெப்பாங்க? குளிக்கிற தண்ணிய மீனுக்குள்ளயா வெப்பாங்க? ஒங்களுக்கு மூளை இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க குளிரா வெக்கத்தானே சொன்னீங்க. தொறக்க வேணாம்னு ஒருநாளும் சொல்லல்லியே."

உண்மை. நூறு தடவை குளிர் குளிர் என்று சொன்னேன். அந்தக் காகிதம் எதற்கு என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. முப்பது வருடமாக ஐஸை நம்பிப் பிழைக்கிற மனிதர் அவர். தன்னிடம் ஒப்படைத்த பொருள் கெடக்கூடாது என்றால் அவருக்குத் தெரிந்த மிக நல்ல இடத்தில் வைத்தார். காகிதத்தைக் கிழிக்காமல் எடுத்ததும் திரும்ப ஒட்டியதும்கூட மரியாதைக்குத்தான். ஆனால் என் படிவத்தில் அதற்கு வேறு பெயர்.

போத்தல்களின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் போயிருக்காது என்று என் மனசு சொன்னது. படிவத்தை எடுத்துவைத்தேன். 'முத்திரை உடையாமல் கிடைத்ததா?' என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பார்த்தவர்கள் நானும் நானாவும் மட்டும். "ஆருக்குத் தெரியப் போகுது தங்கச்சி?" என்று அவரே கேட்டார்.

'சேர்' என்று நாங்கள் கூப்பிடும் மேலதிகாரியிடம் போனேன். எங்கள் லெப்பின் பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்து வைக்கிற ஆள் நீங்கள். நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா நாளைக்கு ஆரும் கேட்டா நான் ஒண்டும் கேக்கவும் இல்லை" என்றார். இப்படி ஒரு உதவியைச் செய்ய எத்தனை வருடம் அரசாங்கத்தில் வேலை பார்த்திருக்க வேண்டுமோ தெரியவில்லை.

'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். நேர்மை என்று சொன்னால் அது பொய். பாதி பயம். மீதிப் பாதி, இருபது வருடமாகப் போட்ட கையெழுத்து எல்லாம் ஒரே நிமிடத்தில் வெறும் கிறுக்கலாகிவிடும் என்ற வீம்பு. 'மாதிரி ஏற்கப்படவில்லை' என்று எழுதினேன். இனி அங்கே திரும்பத் தண்ணீர் எடுத்து இங்கே கொண்டுவர அந்த நாளில் நேரம் இல்லை. அடுத்த நாள் எடுத்தால் அது பருவம் முடிந்த தண்ணீர். ஒரே கடல்தான், ஒரே கரைதான். ஆனால் புதன்கிழமைத் தண்ணீருக்குச் சான்றிதழ் கிடையாது.

இருந்தும் அந்தத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. போத்தலை வெளியே நன்றாகத் துடைத்து, யாருக்கும் சொல்லாமல், எண் எழுதாத தட்டில் வைத்தேன். வியாழக்கிழமை காலை சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது ஒரு புள்ளி இல்லை. ஐந்து தடவையில் இதுதான் மிகச் சுத்தம். அங்கேயே கதிரையில் உட்கார்ந்து அழுதேன். புள்ளி முளைத்திருந்தாலாவது சரியாகத்தான் செய்தேன் என்று நிம்மதியாகப் போயிருப்பேன்.

சான்றிதழ் கொடுக்கும் இடத்துக்கு நீண்ட கடிதம் எழுதினேன். டயர் வெடித்ததை எழுதினேன், வெயிலை எழுதினேன், தாமதப்படுத்தியது நான்தான் என்பதையும் எழுதினேன். மீனை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அதையும் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. வருந்துகிறார்களாம். அடுத்த பருவத்தில் தாராளமாக விண்ணப்பிக்கலாமாம். கூடவே விதிப் புத்தகத்தின் பிரதி ஒன்றை இணைத்திருந்தார்கள். அதில் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று நான் தூக்கத்திலும் சொல்வேன்.

கடற்கரைக்காரருக்கு அந்தச் செவ்வாய் மாலையே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அப்போது "சரி மிஸ்" என்று மட்டும் சொன்னார். கடிதத்துக்குப் பதில் வந்த அன்று திரும்ப எடுத்தேன். கடைசி வழியும் அடைபட்டது என்று சொல்லிவிட்டு, நான் சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னேன். "அண்ணே, நான் தனியா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். தண்ணி ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. ஒண்ணுமே இல்ல."

அவர் பக்கத்தில் அலைச் சத்தம் கேட்டது.

"அது எங்களுக்கு முதலே தெரியும்தானே மிஸ்" என்றார். கோபம் இல்லாத குரல். "மற்றவையளுக்குச் சொல்லத்தானே உங்களிட்ட அனுப்பினனாங்கள்."

நானாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பெரிசு பண்ணாதீங்க தங்கச்சி" என்று சிரித்தார். ஆனால் அவர் வீட்டுக்காரர்கள் என்னோடு பழைய மாதிரிப் பேசுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

சபை தன் தீர்மானத்தின்படியே செய்தது. சவுக்கு மரக் காணி ஹோட்டலுக்குப் போனது. கூட்டிப் பெருக்கிய பெண்களில் இரண்டு பேருக்கு அங்கேயே படுக்கை விரிக்கும் வேலை கிடைத்ததாகக் கேள்வி. கடற்கரைக்காரர் திரும்பத் தோணிக்குப் போய்விட்டார். ஊர்க்காரர்கள் குளிக்க வேண்டுமென்றால் இப்போது கற்பாறைப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். அங்கே கயிறும் இல்லை, உயிர்காக்க ஆளும் இல்லை.

இந்த வருடம் பருவம் தொடங்கியதும் குளிரூட்டிய வேன் ஒன்று எங்கள் லெப் வாசலில் வந்து நின்றது. சீருடை போட்ட ஒருவர் கையுறையோடு பெட்டியை இறக்கினார். வழியெல்லாம் பெட்டிக்குள் எத்தனை பாகை குளிர் இருந்தது என்று இயந்திரத்தில் அச்சடித்த தாள் ஒன்றையும் தந்தார். முத்திரை மயிரிழைகூட அசையவில்லை. அதே கரை, அனுப்பியது ஹோட்டல். கொடி ஏற்றுவதற்காம். இரண்டாம் நாள் தட்டைத் திறந்து எண்ணினேன். போன வருடத்தின் ஐந்து தடவையிலும் நான் பார்க்காத அளவு புள்ளிகள். அவசரப்பட்டுவிடக்கூடாது என்று திரும்பவும் எண்ணினேன். வரம்புக்குள்தான் இருந்தது. படிவத்தில் குறை சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. கையெழுத்துப் போட்டேன்.